சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர்கள் தங்களுக்கென்று நாலு பேரைத் தேடிக்கொள்வது எப்படி

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. வானொலியில் ஒலி 96.8 கேட்கும். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. தேக்கா சந்தைக்குப் போனால் முருங்கைக்கீரை கிடைக்கும். இதையெல்லாம் கேள்விப்பட்டு வருகிறவர்கள், அங்கே நமக்குத் தனிமை இருக்காது என்று நினைத்தே விமானம் ஏறுகிறார்கள். வந்து சில மாதம் ஆன பிறகுதான் நிலைமை புரிகிறது. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வாங்கித் தர ஆள் இல்லை. சம்பளத்தில் பிடித்தம் வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. சுற்றிலும் தமிழ்ச் சத்தம் இருக்கிறது, நம் பெயர் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கட்டுமானம், கப்பல் பட்டறை, துப்புரவு, தொழிற்சாலை என்று வொர்க் பெர்மிட்டில் (வேலை அனுமதியில்) வந்தவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எஸ் பாஸ், இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) என்று அலுவலக வேலைக்கு வந்தவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். சொல்ல வருவது இதுதான்: வழிபடப் போகும் இடத்தில் பார்வையாளராக நிற்காமல் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை சம்பந்தமான உதவியும் பெரும்பாலும் அந்த வழியாகவே வந்து சேரும்.

முதலில் உங்கள் வாரத்தைப் பாருங்கள்

வந்த வேகத்தில் எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. லாரி எத்தனை மணிக்கு எடுக்கிறது, ஓடி (ஓவர்டைம்) எந்தெந்த நாள், ஓய்வுநாள் எது என்று தெரியாமல் எங்கும் வாக்குக் கொடுக்க முடியாது. வேலை நியமனச் சட்டப்படி வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு உண்டு. அது ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, முதலாளி வேறு கிழமையைக் குறிக்கலாம். அதனால் சூப்பர்வைசரிடம் தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக வேண்டியவர்கள் இதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பேசிவிடுவது நல்லது. சாப்பாட்டு இடைவேளையைக் கொஞ்சம் தள்ளி எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தை மாலையில் ஈடுகட்டுகிறேன் என்று சொன்னால் பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். எதுவும் சொல்லாமல் திடீரென்று கிளம்பினால் அதுவே பிரச்சினையாகும்.

இந்துக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தீபாவளி இங்கே பொது விடுமுறை, தைப்பூசம் விடுமுறை இல்லை. 1968இல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். காவடி, பால்குடம் என்று நேர்த்திக்கடன் இருந்தால் பல வாரம் முன்பே லீவு சொல்லி வையுங்கள். பொங்கலும் அப்படியே.

முதல் முறை பெர்மிட்டில் வருகிறவர்களில் பலருக்கு ஒரு நாள் அறிமுக வகுப்பு நடக்கும். தமிழிலும் சொல்லித் தருவார்கள். தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்து எழுந்து வந்துவிடுகிறோம். அதில் சொல்லும் தொலைபேசி எண்களைப் படம் எடுத்து ஊரில் இருக்கும் மனைவிக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். உங்கள் கைப்பேசி தொலைந்தால் அவர்களிடம் இருக்கும்.

எந்த இடத்துக்குப் போவது

எல்லோரும் முதலில் போகும் இடம் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. போகட்டும், தப்பில்லை. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி சீனிவாசப் பெருமாள் கோயில், பக்கத்துத் தெருக்களில் பள்ளிவாசல், பணம் அனுப்பும் கடை, ஊர்ச் சாப்பாடு எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் உங்களை ஒருவர் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்வது நடக்காத காரியம். அர்ச்சனைச் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, விபூதி வாங்கி வெளியே வந்துவிடுவீர்கள். அடுத்த வாரமும் அதேதான்.

தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன இடத்தையே நான் பரிந்துரைப்பேன். தீவு முழுக்கக் கோயில்கள் உண்டு. ஈசூனில் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில், செங்காங்கில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் கோயில், தோ பாயோவில் வைராவிமட காளியம்மன் கோயில், கேலாங்கில் சிவன் கோயில், ஜூரோங் பக்கம் முருகன் கோயில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலையில் ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் இவை. மூன்று நான்கு வாரம் தொடர்ந்து போனாலே, 'தம்பி எந்த ஊரு?' என்று யாராவது கேட்டுவிடுவார்கள். பல கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும், நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

முஸ்லிம்களுக்கு வெள்ளிக்கிழமை குத்பாவை (தொழுகைப் பிரசங்கத்தை) தமிழில் கேட்கும் வாய்ப்பு இங்கே உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் தொடங்கியது. டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசல் இருக்கிறது, பென்கூலன் பள்ளிவாசலும் இருக்கிறது. கடையநல்லூர், தென்காசி ஊர்க்காரர்களுக்குப் பல பத்தாண்டுகளாகச் சங்கங்கள் உண்டு. அந்தப் பக்கத்துக்காரர் என்றால் பள்ளிவாசலில் ஒருவரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கத்தோலிக்கர்களுக்கு ஓஃபிர் சாலையில் 1888இல் கட்டிய லூர்து மாதா ஆலயம்தான் பழைய தமிழ்க் கோயில். ஷார்ட் தெருவில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை, டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கன் கிறைஸ்ட் சர்ச் இரண்டிலும் தமிழ் ஆராதனை உண்டு. சபைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆராதனை முடிந்ததும் தேநீர் நேரம் என்று ஒன்று இருக்கும், புதியவர்களைக் கண்டு பேசுவதற்கென்றே ஆள் நிற்பார்கள். அந்த இருபது நிமிடத்தை விட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். உங்கள் வட்டாரத்தில் ஜெபக் குழு கூடுகிறதா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

கோயில் குளம் பழக்கம் இல்லாதவர்களும் உண்டு. நூலகங்களில் தமிழ் வாசகர் வட்டம் கூடுகிறது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் கதைக்களம் என்ற சிறுகதைக் கூட்டம் நடத்துகிறது. சமூக மன்றங்களில் இந்திய நற்பணிச் செயற்குழு இருக்கும், ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும். நூலகத்துக்குள் போய் உட்கார்ந்து படிக்க யாரும் காசு கட்ட வேண்டியதில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் வெளிநாட்டவருக்குக் கட்டணம்.

ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்

இதைத்தான் நிறையப் பேர் செய்வதில்லை. கூச்சம் ஒரு காரணம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் நிர்வாகத்தில் இருக்கிறார்கள், நாம் பெர்மிட்காரர்தானே என்ற எண்ணம் இன்னொரு காரணம். அந்த எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எந்தக் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சபைக்கும் கை போதுவதில்லை. இங்கே தொண்டூழியம் என்பார்கள். செய்கிறவர் தொண்டூழியர்.

யாரிடம் கேட்பது? அர்ச்சகர் பூசையில் இருப்பார், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அலுவலக ஜன்னலில் சீட்டுக் கொடுப்பவரிடமோ, அன்னதானக் கூடத்தில் வாளியோடு நடப்பவரிடமோ கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். 'ஏதாவது உதவி வேணுமா?' என்று பொதுவாகக் கேட்டால், 'பரவாயில்லை தம்பி, சாப்பிட்டுப் போங்க' என்று அன்பாக அனுப்பிவிடுவார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'அண்ணே, நான் புதுசா வந்திருக்கேன், பக்கத்து டார்ம்லதான் தங்கியிருக்கேன். வெள்ளிக்கிழமை ஏழரைக்கு மேல தொடர்ந்து வர முடியும். சமையக்கட்டுல பாத்திரம் கழுவ ஆள் வேணும்னா நான் செய்யறேன்.' நாள், நேரம், வேலை மூன்றையும் சொல்லிவிட்டீர்கள். இதற்கு வேண்டாம் என்று சொல்கிறவர் அபூர்வம்.

பாத்திரம் கழுவும் இடத்தைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். அன்னதானம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, சாம்பார் அண்டாவைச் சாய்த்துப் போட்டு ஒருவர் தேய்க்க, இன்னொருவர் குழாயைப் பிடிக்க, மூன்றாவது ஆள் துடைத்து அடுக்க, அரை மணி நேரமாவது ஆகும். வேறு வேலை இல்லாததால் வாய் சும்மா இருக்காது. 'உங்க கம்பெனியில ஓடி எவ்வளவு போடறான்?' என்ற கேள்வி அங்கேதான் வரும். பக்கத்தில் நிற்பவர் பத்து வருடமாக இங்கே இருக்கும் சைட் சூப்பர்வைசராக இருப்பார். துடைப்பவர் டாக்சி ஓட்டும் உள்ளூர்க்காரராக இருப்பார். பூசை நேரத்தில் கைகூப்பி நிற்கும்போது இவர்களில் யாரோடும் நீங்கள் பேசியிருக்க மாட்டீர்கள்.

ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும் இப்படித்தான். வெங்காயம் உரிக்கவும், அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கவும், அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். இரவு வேலை பார்ப்பவர்களுக்குப் பகலில் நேரம் கிடைக்கும். உடம்பு ஒத்துழைத்தால் அந்த ஒரு மாதம் போதும், வருடம் முழுக்கப் பழகும் ஆட்கள் கிடைத்துவிடுவார்கள்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போகும். டேங்க் சாலைக் கோயிலை நகரத்தார் 1859இல் நிறுவினார்கள். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல், கூட்டத்தை ஒழுங்கு செய்பவர்கள், கோயில்களில் சமைப்பவர்கள் என்று ஏராளமான கைகள் தேவைப்படும். முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். ஐப்பசியில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும்போதும் அதே மாதிரிதான். 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய அந்தக் கோயில்தான் இங்குள்ள இந்துக் கோயில்களில் மிகப் பழையது. திருவிழாவில் தொண்டு செய்வது நல்லதுதான். ஆனால் திருவிழாவில் பழகியவர்கள் அடுத்த நாள் அவரவர் வழியில் போய்விடுகிறார்கள். வாராவாரம் வரும் சின்ன வேலைக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

ஒரு எச்சரிக்கை. வாக்குக் கொடுத்த நாளில் வர முடியாவிட்டால் முன்பே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். சைட்டில் கான்கிரீட் போடும் நாளில் நேரத்துக்குக் கிளம்ப முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். சொல்லாமல் நின்றுவிட்டால்தான் வருத்தப்படுவார்கள்.

வேலை விஷயத்தில் நாலு பேர்

இங்கே உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டு வகை ஆட்கள். சட்டம் தெரிந்த அமைப்பு ஒன்று. அந்த அமைப்பிடம் போகும்போது கூட வரும் மனிதர் இன்னொன்று. முதலாவதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம், இரண்டாவதைப் பழகித்தான் பெற வேண்டும்.

அமைப்புகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வெளிநாட்டு ஊழியர் நிலையம். தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009இல் தொடங்கியது. 6536 2692 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். டிடபிள்யூசி2, ஹோம் இரண்டும் தன்னார்வ அமைப்புகள். சம்பளத் தகராறிலும் விபத்து வழக்கிலும் மாட்டிக்கொண்டு வேலையில்லாமல் நிற்பவர்களுக்கு டிடபிள்யூசி2 லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போடுகிறது. குறைந்த செலவில் வைத்தியம் பார்க்கவும், மனம் சோர்ந்து போனால் பேசவும் ஹெல்த்செர்வ் இருக்கிறது. பெஞ்சுரு, கிராஞ்சி, சூன் லீ போன்ற இடங்களில் உள்ள பொழுதுபோக்கு நிலையங்களில் விளையாட்டும் வகுப்புகளும் நடக்கும். கிரிக்கெட் அணி ஒன்றில் சேர்வதும் ஆள் சேர்க்கும் வழிதான்.

அடிப்படை விதிகள் சிலவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வர வேண்டும். ஓடிப் பணம் 14 நாளுக்குள். விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். வேலை நேரம், ஓடி பற்றிய சட்டப் பகுதிக்குள் வரும் தொழிலாளர்களுக்கு ஓடி, அடிப்படை மணிக்கூலியில் ஒன்றரை மடங்கு. உங்கள் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கையில் பணம் கொடு என்று கேட்பதும் குற்றம். சம்பளப் புகாரை வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள்ளும், வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள்ளும் கொடுக்க வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறைய. வேலையிடத்தில் காயம்பட்டால் சின்னது என்று மறைக்காதீர்கள், இழப்பீடு கோர ஒரு வருடம்தான் இருக்கிறது.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சைட்டின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் சீட்டு புரியவில்லை என்றால், இங்கேதான் அண்டா கழுவிய சிநேகிதம் உதவுகிறது. 'அண்ணே, இதுல டிடக்ஷன்னு 60 வெள்ளி போட்டிருக்கு, என்னன்னு பாருங்க' என்று அவரிடம் நீட்டலாம். அது ரூம் வாடகையாக இருக்கலாம், சாப்பாட்டுக் காசாக இருக்கலாம், காரணமே இல்லாத பிடித்தமாகவும் இருக்கலாம். ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். தேவைப்பட்டால் மனிதவள அமைச்சுக்கோ ஊழியர் நிலையத்துக்கோ கூடவே வருவார். முன்பின் தெரியாத ஒருவரிடம் சம்பளச் சீட்டைக் காட்ட யாருக்கும் மனம் வராது.

முன்னேறும் விஷயத்திலும் இதே கதைதான். கட்டுமானத்தில் உயர்திறன் ஊழியராகத் தேறினால் உங்களுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வை (லெவி) குறையும். அதனால் பரீட்சைக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்பது அவருக்கும் லாபம். எந்த வகுப்பு, எங்கே, எப்படித் தயாராவது என்பதைத் தேறி வந்தவர் வாயிலிருந்து கேட்பதுதான் நல்லது. ஏஜெண்டிடம் கேட்டால் கட்டணத்தைத்தான் சொல்வார்.

விலக வேண்டிய இடங்கள்

வழிபாட்டு இடத்தில் பழகியவர் என்பதற்காக எல்லாவற்றையும் நம்பிவிட முடியாது. வேலை மாற்றித் தருகிறேன், பெர்மிட் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தாலும் புரோக்கர்தான். வங்கி அட்டையையோ சிங்பாஸையோ (அரசு இணையச் சேவைக் கணக்கையோ) யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள், 'ரெண்டு நாள்ல தந்துடறேன்' என்று எவ்வளவு கெஞ்சினாலும் சரி. மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் சிறைக்குப் போவது நீங்கள். சீட்டுப் பிடிப்பதும் வட்டிக்கு வாங்குவதும் வேண்டாம். நட்பு உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொரு வகை இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க நேரமாகும். சாதியைச் சுற்றிவளைத்து விசாரித்து அதற்கேற்பப் பேச்சை மாற்றுகிறவர்கள். காணிக்கையின் அளவைப் பார்த்து மரியாதை கொடுக்கிறவர்கள். சம்பளம் வரவில்லை என்று அழுதால், 'எல்லாம் கர்மா, பொறுத்துக்கோ' என்றோ 'ஜெபம் பண்ணுங்க, சரியாயிடும்' என்றோ சொல்லி, புகார் கொடுக்கப் போகாமல் தடுக்கிறவர்கள். ஜெபமும் பண்ணலாம், புகாரும் கொடுக்கலாம். இரண்டில் ஒன்றை விடச் சொல்லும் இடம் உங்களுக்கு உதவாது. சண்டை போடாமல் மெதுவாக வேறு இடம் பாருங்கள். தீவில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்கு இதெல்லாம் இன்னும் கடினம், வீட்டைவிட்டு வெளியே வருவதே பெரும்பாடு. 2023 ஜனவரியிலிருந்து, மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளையாவது, பணமாக ஈடுகட்டாமல், முதலாளி கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஒரு நாளைத் தூங்கிக் கழிக்காமல், பெண்கள் கூடும் இடத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். சபைகளின் பெண்கள் ஐக்கியம், கோயிலில் பூத்தொடுக்கும் அக்காமார், எதுவாக இருந்தாலும் சரி. வீட்டில் அடி உதை என்றால் ஓய்வு நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், போலீஸ் எண் 999ஐ அழையுங்கள். ஹோம் அமைப்பு தங்க இடமும் தரும்.

தங்கும் இடம் மாறினால்

கம்பெனி வேறு சைட் எடுத்து, ஈசூனில் இருந்தவரைத் துவாஸுக்கு மாற்றுவது இங்கே சாதாரணம். ஒரே நாளில் மூட்டை கட்டச் சொல்வார்கள். கிளம்பும் முன் கோயில் செயலாளரிடமோ போதகரிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள், 'அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?' என்று கேளுங்கள். கோயில் ஆட்களுக்குள் ஒருவரையொருவர் தெரியும், சபைகளும் அப்படியே. அவர் தரும் பெயரோடு புதிய இடத்துக்குப் போனால் முதல் வாரமே பேச ஆள் இருக்கும். நீங்கள் பார்த்த வெள்ளிக்கிழமை வேலையை உங்கள் ரூமிலிருந்தே வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களா என்றும் பாருங்கள். பழைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து மட்டும் வெளியேறாதீர்கள். ஆறு மாதத்தில் உங்களை மறுபடி ஈசூனுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள்.